ஏழாம் அத்தியாயம்: பழைய யந்திரத்தின் சக்தியைப் பெருக்குதல் – பிரமைகளும் உண்மைகளும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் சாலையில், வைகையின் வடகரையில், விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று வரிசையாக அமைந்திருக்கும் ஊர்களில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை இன்றும் பேணி ஓட்டும் அன்பர்கள் பலர் உண்டு; அவர்களில் பெரும்பாலோர், என்றைக்காவது ஒரு நாள் தமக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போய், “அண்ணே, நம்ம வண்டியை ஐந்நூறா மாத்திப்புடலாமா?” என்று கேட்காமல் இருப்பதில்லை. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை சொல்பவர்களிடையே அனுபவமும் வதந்தியும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடப்பதால், பணத்தைச் செலவிட்டு வண்டியின் சுபாவத்தையும் ஆயுளையும் இழந்தவர்கள் அநேகர். யந்திரத்தின் சக்தி எங்கிருந்து பிறக்கிறது, அதற்கு எந்தெந்த உறுப்புகள் விலை கொடுக்கின்றன என்பதை இந்த அத்தியாயத்தில் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

மதுரைக்குத் தெரிந்த பழைய பாடம்

யந்திரத்தை மாற்றி அமைக்கும் வித்தை நமது ஊருக்குப் புதியதன்று. 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதானபோது, அடுப்புக்கரியை எரித்து அதிலிருந்து வரும் வாயுவால் பஸ்களையும் லாரிகளையும் ஓட்டும் கரிவாயு சாதனத்தைத் தயாரித்தது. அந்த வாயுவில் எரியக்கூடிய கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் இருந்தாலும், எரியாத நைட்ரஜன் பெரும் பங்கை அடைத்துக்கொண்டதால், இத்தகைய மாற்றத்தில் யந்திரத்தின் சக்தி பெட்ரோலில் இருந்ததைவிட 40 முதல் 50 சதவீதம் வரை குறைந்துபோவது இயல்பு. ஆயினும் அதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. ஏனெனில் வண்டி வேகமாக ஓட வேண்டும் என்பது அன்றைய நோக்கமன்று, எப்படியாவது ஓட வேண்டும் என்பதே நோக்கம்.

அதன்பின் 1950-களில் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தின் பெர்க்கின்ஸ் பி-6 டீசல் யந்திரம் வந்தபோது, பெட்ரோலில் ஓடிய லாரிகள் டீசலுக்கு மாறின. ஆறு சிலிண்டர்களும் 83 குதிரைத்திறனும் கொண்ட அந்த யந்திரத்தை வாங்கியவர்கள் எரிபொருள் செலவில் மிச்சத்தை நாடினார்களேயன்றி வேகத்தை நாடவில்லை. இவ்விரண்டு உதாரணங்களிலும் மாற்றம் எதற்காக என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. கிடைக்கப்போவது எது, இழக்கப்போவது எது என்பதும் தெரிந்திருந்தது. புல்லட்டின் சக்தியைப் பெருக்க விரும்புவோரும் முதலில் செய்ய வேண்டியது இதுவே: மலையேற்றத்தில் இழுவை வேண்டுமா, நெடுஞ்சாலையில் சிரமமற்ற ஓட்டம் வேண்டுமா, அல்லது வெறும் உச்ச வேகம் வேண்டுமா என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல்.

நமது கையில் இருக்கும் யந்திரம்

இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் கூடி என்ஃபீல்ட் இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான 350 புல்லட், பல்லாண்டுகள் பெரிய மாறுதலின்றி நம் சாலைகளில் ஓடியது. அதன் சிலிண்டரின் விட்டம், அதாவது போர், 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் பயணம் செய்யும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அதே 90 மில்லிமீட்டர் பயணத்தை வைத்துக்கொண்டு விட்டத்தை 84 ஆக்கினால் 499 சி.சி. கிடைக்கும், 87 ஆக்கினால் 535 சி.சி. கிடைக்கும். 2013-இல் வெளிவந்த கான்டினென்டல் ஜி.டி. வண்டியின் அளவும் இந்த 87-க்கு 90 தான். பயணம் ஒன்றே, விட்டம் மட்டுமே வேறு என்ற இந்த எளிய கணக்கே, “புல்லட்டைப் பெரிதாக்குவது சுலபம்” என்ற நம்பிக்கைக்கு வேர். வேர் உண்மையானது, அதிலிருந்து கிளைத்த நம்பிக்கைகளில் பல பொய்யானவை.

முதல் பிரமை: கொள்ளளவு கூடிய அளவுக்குச் சக்தியும் கூடும்

346-லிருந்து 499-க்குப் போகும்போது கொள்ளளவு 44 சதவீதம் கூடுகிறது. ஆனால் தொழிற்சாலையே தயாரித்த பழைய 350 புல்லட்டின் சக்தி 18 குதிரைத்திறன், இந்திய 500-இன் சக்தி 22 குதிரைத்திறன் என்பதை ஒப்பிட்டால், கூடியது 22 சதவீதமே என்பது விளங்கும். காரணம் என்ன? யந்திரத்தின் சக்தி அது ஒரு நிமிஷத்தில் எவ்வளவு காற்றை உள்ளிழுத்து எரிக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்று வருவதோ கார்புரேட்டர், வால்வு, ஹெட்டில் உள்ள துவாரம் ஆகியவற்றின் வழியாகத்தான். மடையை அகலப்படுத்தாமல் கண்மாயை மட்டும் ஆழப்படுத்தினால் வயலுக்குப் பாயும் தண்ணீர் கூடாது அல்லவா? அப்படியே, பெரிய சிலிண்டரை மாட்டிவிட்டு, 350-க்குரிய 24 மில்லிமீட்டர் மிக்கார்ப் கார்புரேட்டரையும் அதே வால்வுகளையும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு, குறைந்த வேகத்தில் இழுவை கூடியிருப்பது நிச்சயம் தெரியும். உச்ச வேகத்தில் பெரிய பேதம் தெரியாது. இழுவைதான் நோக்கமென்றால் அது வெற்றியே. வேகம்தான் நோக்கமென்றால் வீண்செலவு.

இரண்டாம் பிரமை: ரீபோர் செய்தால் வண்டி பறக்கும்

தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, 20 அளவுள்ள ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டபின், “வண்டி முன்னைவிடப் பறக்கிறது” என்று சொல்லாதவர் இல்லை. அந்த 20 என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு. அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். அதனால் கூடும் கொள்ளளவு ஏறக்குறைய 5 சி.சி. மட்டுமே, கடைசி அளவான 60 வரை போனாலும் கூடுவது சுமார் 15 சி.சி.தான். பறப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், தேய்மானத்தால் கசிந்துபோய்க்கொண்டிருந்த அழுத்தம் மறுபடியும் சிலிண்டருக்குள் அடைபட்டு நிற்பதுதான். இழந்திருந்த சக்தி திரும்பி வந்ததே ஒழிய, புதுச் சக்தி எதுவும் சேரவில்லை. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. பழைய வண்டிகளில் கிடைக்கக்கூடிய லாபத்தில் பெரும் பகுதி இந்த மீட்பிலேதான் இருக்கிறது என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டிய தத்துவம்.

மூன்றாம் பிரமை: சத்தமே சக்தி

சைலன்சரின் உள்குழாயைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டரையும் எடுத்துவிட்டால் வண்டி “ஃப்ரீயாக” ஓடும் என்று நம்புவோர் ஏராளம். புகை வெளியேறும் குழாயின் நீளமும் உட்புற அமைப்பும், ஒவ்வொரு வெடிப்புக்கும் பின்னால் எழும் அழுத்த அலை எந்தத் தருணத்தில் வால்வுக்குத் திரும்புகிறது என்பதை நிர்ணயிக்கின்றன. அவற்றைக் கண்மூடித்தனமாக மாற்றினால், புல்லட்டின் சிறப்பான நடுத்தர வேக இழுவைதான் முதலில் பாழாகும். மேலும், காற்று எளிதாகப் புகும்போது அதற்கேற்ற பெட்ரோல் சேராமல் கலவை மெலிந்து, யந்திரம் சூடேறும். பிளக்கின் முனை வெளுத்திருப்பதே அதற்கு அடையாளம். மதுரையின் சித்திரை வைகாசி வெயிலில் காற்றே கொதிக்கும்போது, மெலிந்த கலவையோடு திண்டுக்கல் வரை வேகமாகப் போனால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு ‘சீஸ்’ ஆவதற்கு அதிக நேரம் ஆகாது. தூசியை வடிகட்டாமல் உள்ளே விட்டால் ரிங்கும் போரும் எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் பிரமை: விலை உயர்ந்த பெட்ரோல் ஊற்றினால் போதும்

ஆக்டேன் என்பது எரிபொருளில் அடங்கிய சக்தியின் அளவன்று. காலத்துக்கு முன்பே வெடித்துவிடாமல் அழுத்தத்தைத் தாங்கும் குணத்தின் அளவு. பழைய புல்லட்டின் அழுத்த விகிதம், அக்காலத்தில் கிடைத்த தரம் குறைந்த பெட்ரோலுக்காகவே, ஏறத்தாழ 6.5-க்கு 1 என்ற அளவில் தாழ்வாக அமைக்கப்பட்டது. அந்த நிலையில் உள்ள யந்திரத்துக்கு உயர்ந்த ஆக்டேனால் பிரயோஜனம் இல்லை. அழுத்த விகிதத்தை 8.5 ஆக்கினால் அப்போது அதற்குப் பொருள் உண்டு. ஆனால் தத்துவக் கணக்கின்படி அதனால் பெறும் அபிவிருத்தி சுமார் 9 சதவீதமே. அதற்குப் பதிலாக ஹெட்டின் வெப்பம் கூடும், கிக்கரை உதைப்பது கடினமாகும், இக்னிஷன் டைமிங்கில் சிறு பிழையும் நாக்கிங் ஆகக் கேட்கும்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தனக்குள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால், பழைய ஜெட் அளவிலேயே ஓட்டும்போது கலவை மெலிந்துவிடுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் இளகிக் கெட்டுப்போகின்றன. ஆகையால் சக்தியைப் பெருக்கும் எண்ணம் இல்லாதவரும்கூட ஜெட்டையும் பெட்ரோல் குழாயையும் பரிசோதித்துக்கொள்வது நலம்.

ஐந்தாம் பிரமை: அந்தக் காலத்து இரும்பு எதையும் தாங்கும்

இந்த அபிமானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது உண்மையன்று. பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடு இரும்பே அன்று, அலுமினியக் கலவை. எஃகுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் எத்தனை கோடி முறை விசை விழுந்தாலும் சோர்ந்துபோகாத குணம் உண்டு. அலுமினியத்துக்கு அத்தகைய வரம்பு கிடையாது. ஒவ்வொரு சுற்றும் அதன் ஆயுளில் ஒரு சிறு பங்கைச் செலவழிக்கிறது. பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசையோ வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுகிறது: நிமிஷத்துக்கு 5,500 சுற்றுகளில் ஓடிய யந்திரத்தை 6,500 சுற்றுகளுக்கு விரட்டினால், அவ்விசை ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். அதன்மேல் பெரிய பிஸ்டனின் எடையும் சேர்ந்தால் ராடின் நிலையை நீங்களே ஊகிக்கலாம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்த ராடைப் புதிய பெரிய பிஸ்டனோடு பூட்டுவது எவ்வகையிலும் விவேகமன்று.

ஆறாம் பிரமை: மேல்பாகம் மாற்றினால் போதும், கீழ்ப்பாகத்தைத் தொட வேண்டாம்

மாற்றம் செய்த வண்டிகளில் பெரும்பாலானவை கெடுவது மேலே அல்ல, கீழே. புல்லட்டின் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனையில், ரோலர் பேரிங்குக்குப் பதிலாக மிதக்கும் புஷ் ஒன்று உண்டு. அது எண்ணெய்ப் படலத்தின் மீதுதான் உயிர் வாழ்கிறது. அந்த எண்ணெயை அனுப்பும் பம்போ, கிராங்கின் முனையிலுள்ள வார்ம் பல்லினால் மெதுவாக இயங்கும் சிறிய பிஸ்டன் பம்ப். பம்பின் தட்டுகள் தேய்ந்திருந்தால் எண்ணெயின் அளவு குறையும். குறைந்த எண்ணெயில் பெரிய பிஸ்டனின் அடியை அந்தப் புஷ் நெடுநாள் தாங்காது. அதிகக் கொள்ளளவுள்ள எண்ணெய் பம்பும், தேவைப்பட்டால் ரோலர் பேரிங் அமைந்த எஃகு ராடும், பெரிய சிலிண்டருக்கு முன்னால் வாங்க வேண்டியவை. பிஸ்டனின் எடை மாறுவதால் கிராங்கை மறுபடியும் பாலன்ஸ் செய்ய வேண்டும். பெரிய சிலிண்டரின் அடிப்பாகம் உட்காருவதற்குக் கிராங்க்கேஸின் வாயை நேர்த்தியாக அகலப்படுத்த வேண்டும். இவ்விரண்டும் துல்லியமான பட்டறை வேலைகள். கண்ணளவில் செய்யத்தக்கவை அல்ல.

செய்ய வேண்டிய முறை

சக்தியைக் கூட்டுவது என்று தீர்மானித்தபின், வேலைகளைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்தால், ஒவ்வொரு படியிலும் நிறுத்திக்கொள்ளும் சுதந்திரம் உங்களுக்கு இருக்கும்.

1. மீட்பு. கம்ப்ரஷன் கேஜ் வைத்து அழுத்தத்தை அளக்கவும். டேபட் இடைவெளி, வால்வின் உட்காரும் இடம், பாயிண்ட், தானாக முன்னேறும் டைமிங் அமைப்பு, கார்புரேட்டரின் தேய்ந்த ஸ்லைடு ஆகியவற்றைச் சரிசெய்யவும். பலருடைய ஆசை இந்தப் படியிலேயே நிறைவேறிவிடும்.

2. எண்ணெய். பம்பையும், ஃபெல்ட் ஃபில்டரையும், எண்ணெய் ஓடும் துவாரங்களையும் சுத்தம் செய்து, பம்பின் திறனை உறுதிப்படுத்தவும். டைமிங் பக்கத்து வார்ம் நட் இடப்புற மரையுள்ளது. அதை அறியாமல் வலுவாகத் திருப்பி மரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. பிரேக். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை 100 ஆக்கினால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. பழைய 6 அங்குல முன் பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு யந்திரத்தை மட்டும் வலுப்படுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். இரட்டை ஷூக்களும் முன்னோக்கிப் பிடிக்கும் 7 அங்குல டிரம்மையாவது முதலில் பொருத்தவும்.

4. கீழ்ப்பாகமும் சிலிண்டரும். ராடு, பேரிங், பாலன்ஸ் ஆகியவை முடிந்த பிறகே பெரிய போர். வார்ப்புப் பிஸ்டனைவிட, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்ட் பிஸ்டன் பொதுவாக அதிகமாக விரியும். ஆகவே தயாரித்தவர் சொல்லும் இடைவெளியை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். பழக்கத்தின்மேல் இறுக்கமாகப் போர் செய்யச் சொல்லக் கூடாது.

5. மூச்சு. இப்போதுதான் 28 மில்லிமீட்டர் கார்புரேட்டர், வால்வு, ஹெட்டின் துவாரம் ஆகியவை. ஜெட்டைச் சற்றுப் பெரிதாகத் தொடங்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கவும். சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்க முயல்வது பிஸ்டனைப் பணயம் வைப்பது.

6. பல் சக்கரம். கியர்பாக்ஸின் 16 பல் ஸ்பிராக்கெட்டுக்குப் பதில் 17 போட்டால், அதே வேகத்தில் யந்திரத்தின் சுற்றுகள் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். கூடிய இழுவையை நிதானமான ஓட்டமாக மாற்றிக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

இவற்றுக்குப் பிறகு ரன்னிங்-இன் காலத்தில் பொறுமை அவசியம். முதல் 500 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றி, அதில் உலோகத் துகள் உண்டா என்று பார்க்கவும்.

பலனை அளப்பது எப்படி?

மனிதனுடைய மனம் செலவழித்த பணத்துக்குப் பரிந்து பேசும் சுபாவம் உடையது. ஆதலால் உணர்ச்சியை நம்பாமல் அளவை நம்ப வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும், அதே ஆள், அதே எடை, அதே விடியற்காலைப் பொழுது என்ற நிபந்தனைகளோடு, வாகன நடமாட்டமில்லாத சமதளத்தில் மேல் கியரிலேயே 40-லிருந்து 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தை இரு திசைகளிலும் அளந்து சராசரி எடுக்கவும். காற்றின் பாதிப்பு அதனால் நீங்கும். இழுவைக்குப் பரீட்சை வேண்டுமானால் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் போதும். ஆனால் கொடைக்கானலில் போய்ச் சக்தியை அளந்துவிட்டு ஏமாற வேண்டாம்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் எந்த யந்திரமும் அங்கே சோர்ந்தே ஓடும், கலவையும் அளவுக்கு மீறிக் கனத்துப் பிளக்கில் கரி படியும். அதைக் கண்டு அங்கேயே ஜெட்டைச் சிறிதாக்கிவிட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கி வருபவர், சமவெளி வெயிலில் பிஸ்டனை இழப்பார்.

சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 346 என்று பதிவான வண்டி 499 ஆகிவிட்டால், விபத்துக் காலத்தில் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதிலும் தகராறு எழும். ஆகவே சிலிண்டரைத் தொடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாக விசாரித்துக்கொள்க.

மேலும், 2021 ஜூலையில் வெளியான விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் புராதன வாகனம் என்ற தனிப் பதிவையும் ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் கொண்ட எண்ணையும் அளிக்கின்றன. அந்தக் கௌரவத்துக்கு நிபந்தனை, வண்டி அசல் ரூபத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, யந்திரம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கலாகாது. 1970-க்கு முந்திய புல்லட்டை வைத்திருக்கும் ஒருவர் அதைப் பெரிதாக்கும்போது, இந்த உரிமையைத் தாமே கைவிடுகிறார்.

இந்த அத்தியாயத்தின் முடிவு

பழைய யந்திரத்தின் சக்தியைப் பெருக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இலவசமாகப் பெருக்க முடியாது. வெப்பமும் எண்ணெயும் பேரிங்கும் பிரேக்கும் அதற்குரிய விலையைக் கேட்கும். அவற்றுக்குக் கொடுக்க மறுப்பவரிடமிருந்து யந்திரம் தானாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டி 50 ஆண்டு கடந்ததாகவும் அசல் உறுப்புகளோடும் இருந்தால், அதை மாற்றாதீர்கள். சீராக மீட்டு, அடுத்த தலைமுறைக்கு ஒப்படையுங்கள். அசல் நிலையை ஏற்கெனவே இழந்துவிட்ட வண்டியாக இருந்தால், மேலே சொன்ன வரிசையில், அனுமதியோடும் அளவோடும் மாற்றுங்கள். எதைச் செய்வதாயினும் முதல் படியாகிய மீட்பை முடித்து, ஒரு மாத காலம் ஓட்டிப் பார்த்த பிறகே இரண்டாம் படிக்குப் பணம் எடுங்கள்.